கையைத் தூக்க ஒன்பது படிகள்

எதையும் இலக்கம் போட்டு எழுதாவிட்டால் எனக்கு வேலை ஓடாது. அந்தப் பழக்கத்தால்தான், போர்க்காலத்தில் ஒரு முதியவரை ஆமிக்காரன் முன்னால் தூக்கிய கையோடு நிற்கவைத்தேன்.

கொழும்பில் இயன்மருத்துவம், அதாவது பிசியோதெரபி, படித்துவிட்டு அப்போதுதான் மட்டக்களப்புக்குத் திரும்பியிருந்தேன். வயதானவர்களின் மூட்டுகளை இழுக்காமல், நெரிக்காமல், உள்ளங்கையின் இதத்தாலேயே இளக்கும் முறையொன்றையும் கற்றிருந்தேன். (படித்தது ஆறு நாள், பெருமை ஆறு வருடத்துக்கானது.)

முதல் நோயாளி, தன்னாமுனைச் சவரிமுத்து ஐயா. வலது கை தோளுக்கு மேல் எழும்பாது. சோதனைச்சாவடியில் இரண்டு கையையும் உயர்த்தாவிட்டால் சந்தேகப்படுவார்கள் என்ற பயத்தில் மாதக்கணக்காக ஊரைத் தாண்டவில்லை. ஆனால் அந்த ஞாயிறு, சாவடிக்கு அப்பால் புளியந்தீவில் முதல் பேத்திக்கு ஞானஸ்நானம்.

"எப்படியும் போகணும் புள்ள. பேத்திட தலையில தண்ணி ஊத்தக்குள்ள நான் நிக்காட்டி என்னத்துக்கு?"

ஒன்பது படிகள் எழுதினேன். நான்கு நாள் தோளைத் தாங்கி, மூச்சை எண்ணி, மயிரிழை மயிரிழையாக ஏற்றினேன். சனிக்கிழமை கை காதைத் தொட்டது! நான் துள்ளினேன். ஐயாவின் மனைவி கோழி அடித்தார்.

ஞாயிறு நானும் பஸ்ஸில் ஏறினேன். (என் வெற்றியை நானே பார்க்க வேண்டாமா?) சாவடியில் ஐயா இரண்டு கைகளையும் கம்பீரமாக உயர்த்தினார். சிப்பாய் தடவிப் பார்த்து, "சரி சீயா, கை கீழ" என்று சிங்களத்தில் தாத்தா முறை வைத்துச் சொன்னான்.

இடது கை இறங்கியது. வலது கை இறங்கவில்லை.

"கை கீழ!"

"ஏலா மாத்தயா! இறக்கினா உயிர் போகுது!"

துப்பாக்கி சற்று நிமிர்ந்தது. பெண்கள் வரிசையிலிருந்து ஓடினேன். மனத்துக்குள் ஒன்பது படிகளையும் புரட்டினேன். ஒன்பதும் ஏற்றுவதற்கு. இறக்குவதற்கு ஒன்றுகூட எழுதவில்லை!

"மூச்சை விடுங்க ஐயா, மெதுவா..."

"மூச்சு போகுது புள்ள, கைதான் போகல்ல!"

வரிசை முழுவதும் சிரித்தது. சிப்பாயும் சிரித்துவிட்டுப் போகச் சொன்னான்.

தேவாலயத்துக்குள்ளும் கை மேலேதான். பூசையின் நடுவே சாமியார், 'என்ன, ஏதும் கேட்கவேணுமா?' என்பதுபோல் இரண்டு முறை பார்த்தார். தண்ணீர் ஊற்றி முடிந்ததும் மகள் குழந்தையை நீட்டினாள். ஐயா இரண்டு கைகளாலும் வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டார். கை இறங்கியது அவருக்கே தெரியவில்லை.

இன்றும் அந்த வீட்டார் என்னிடம் ஆட்களை அனுப்புகிறார்கள், ஓர் எச்சரிக்கையோடு: "அந்த மிஸ் நல்லாத் தூக்கி விடுவா. ஆனா இறக்கிறதுக்குக் கைக்குழந்தை ஒண்டையும் கொண்டு போங்க."