அப்பப்பாவின் தொண்டர் படைப் பதிவு

ஈழத்திலிருந்து வந்த எங்கள் ஆட்களைச் சாமத்தில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் ஒரு கேள்விக்கு மட்டும் பதில் தடுமாறாது. "உங்கள் குடும்பத்தில் யாராவது ஆயுதம் தூக்கியிருக்கிறார்களா?" "ஒருத்தரும் இல்லை." இத்தாலிக்கு வந்த புதிதில், அகதி விசாரணை மேசைக்கு முன்னால் நானும் அதைத்தான் சொன்னேன். பெர்மெஸ்ஸோ கிடைத்தது. (வதிவிட அனுமதி. எங்களுக்கு ஞானஸ்நானத்துக்கு அடுத்தபடி அதுதான்.) வந்த வினை என்னவென்றால், அதற்குப் பிறகும் அந்தப் பதிலை நிறுத்த எனக்குத் தெரியவில்லை.

மகள் ஜெனிற்றாவின் பள்ளிக்கூடத்தில் ஒரு வேலை கொடுத்தார்கள். போருக்குப் போன முன்னோர் ஒருவரின் படைப் பதிவைத் தேடி எடுத்துவந்து சபையில் சொல்ல வேண்டும். இந்தப் பலேர்மோ நகரத்துப் பிள்ளைகள் ஆவணக் காப்பகத்துக்குப் போய்த் தங்கள் பூட்டன்மாரைப் பிரதி எடுத்து வந்தார்கள்.

"எங்கடை ஆக்களிலை ஆர் அப்பா?"

"ஒருத்தரும் இல்லை."

"எல்லாருக்கும் ஒராள் இருக்கு. எங்களுக்கு மட்டும் இல்லையோ?" கண் கலங்கிவிட்டது அவளுக்கு.

அங்கேதான் எனக்கு வீரம் வந்தது. என் அப்பப்பா வெள்ளைக்காரன் காலத்துத் தொண்டர் படையில் இருந்தவர். மன்னாரில் எடுத்த படம் எங்கள் சுவரில் தொங்குகிறது. தொப்பி, அரைக் காற்சட்டை, சப்பாத்து, துவக்கு, எல்லாம் முழுசாக. (வெள்ளைக்காரனுக்காகத் தூக்கினால் அது ஆயுதம் இல்லை, சேவை.) பக்கத்தில், இயக்கத்துக்குப் போய் வன்னியில் செத்துப்போன என் அண்ணாவின் படம். அது கழுத்தோடு முடிந்துவிடும். சீருடை தெரியாதபடி யாரோ கவனமாக வெட்டியிருக்கிறார்கள்.

லண்டனில் இருக்கிற மச்சானை நச்சரித்து, பழைய தொண்டர் படைப் பதிவுகளைத் தேட வைத்தேன். (அவன் இப்போது என் அழைப்பை எடுப்பதில்லை.) கடைசியில் ஒரு பக்கம் வந்து சேர்ந்தது. பெயரையும் ஊரையும் பார்த்தேன். அதற்குக் கீழே ஆங்கிலம் பொடி எழுத்தில் இருந்ததால் வாசிக்காமலே கண்ணாடிச் சட்டத்துக்குள் போட்டுவிட்டேன்.

"அப்பா, நான் மொழிபெயர்க்கிறன்."

"நீ விடு. நான் கதைக்கிறன்."

என் இத்தாலியன் அடுப்படியிலும் நோயாளியின் கட்டிலடியிலும் படித்தது. பள்ளிக்கூடச் சபை நாளன்று அந்த நோயாளியையும் கூட்டிப்போக வேண்டியிருந்தது. சிஞ்ஞோர் ஃபிலிப்போ, நான் பராமரிக்கிற கிழவர். அவருடைய தகப்பன் ஆங்கிலேயரிடம் பிடிபட்டு, கிழக்கே எங்கோ வெயில் தேசத்தில் முள்ளுக்கம்பிக்குள் கிடந்தவராம். காவலர்கள் அவருடைய பாணை (ரொட்டியை) திருடித் தின்ற கதையைக் கிழவர் கோப்பியில் பாணைத் தோய்த்தபடி ஒவ்வொரு காலையும் சொல்லுவார். நானும் ஒவ்வொரு காலையும் அந்தக் காவலர்களைத் திட்டுவேன்.

கலியாணக் கோட்டோடு மேடை ஏறினேன். வரி வரியாக இத்தாலியனாக்கி முழங்கினேன். பெயருக்குக் கைதட்டினார்கள். ஊருக்கும் தட்டினார்கள். "பணி: இத்தாலியக் கைதிகளைக் காவல் காத்தல்." என்ன சொன்னேன் என்று மூளைக்கு விளங்க முதல் வாய் அடுத்த வரிக்குப் போய்விட்டது. "கைதிகளின் பாணைத் திருடியதற்காக வேலைநீக்கம்."

கிழவர் சக்கர நாற்காலியிலிருந்து எழும்பப் பார்த்தார். "பாண் கள்ளன்!" என்று கத்தினார். மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது. ஜெனிற்றா சிரிக்கவில்லை.

என்னைக் காப்பாற்ற நினைத்த ஆசிரியை அன்பாகக் கேட்டார்: "அது பழங்கதை. உங்கள் நாட்டுப் போரில் உங்கள் வீட்டார் யாராவது இருந்தார்களா?"

மகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். ஒவ்வொரு வருடமும் அந்தக் கழுத்து வெட்டின படத்துக்கு மெழுகுதிரி கொளுத்துகிறவள் அவள்தான். அண்ணாவின் பெயரைச் சொல்ல அதைவிட நல்ல இடம் எனக்கு இனிக் கிடைக்காது. அங்கே பொலிஸ் இல்லை, விசாரணை மேசை இல்லை, பிள்ளைகளும் தாய் தகப்பன்மாரும்தான்.

"ஒருத்தரும் இல்லை," என்றேன். அந்த ஒரு வசனம் மட்டும் இத்தாலியனில் எனக்குப் பிழைப்பதே இல்லை.

பாண் திருடினவருக்கு லண்டனில் பதிவு இருக்கிறது, முத்திரை இருக்கிறது. தன் பங்குச் சோற்றை எனக்குத் தள்ளிவிட்டு எழும்பிப் போன அண்ணாவுக்கு ஒரு பக்கமும் இல்லை. இருந்த ஒரு வாயும் அவனை இல்லை என்றது. எனக்கு என்னிலேயே அருவருப்பாக இருந்தது.

கிழவரை வீட்டில் விட்டுவிட்டு பஸ் ஏறினோம். பஸ் ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்தடியில் நின்றது. இறங்கும்போது ஜெனிற்றா கேட்டாள்.

"பெரியப்பாவின்ரை படத்தை வெட்டினது ஆர்?"

"ஒருத்தரும் இல்லை."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அழுதாள்.

இப்போது வீட்டில் அதுதான் பகிடி. பொரித்த மீன் குறைந்தால் மனிசி "ஆர் திண்டது?" என்பாள். "ஒருத்தரும் இல்லை!" என்று பிள்ளைகள் ஒரே குரலில் கத்துவார்கள். கிழவரும் என்னைக் கண்டால் பாணைத் தலையணைக்குக் கீழே ஒளிக்கிறார். நானும் எல்லாரோடும் சேர்ந்து சிரிப்பேன். சாப்பாட்டு மேசையில் எனக்கென்று ஒரு கதிரை இருக்கிறது, படங்கள் தொங்குகிற அந்தச் சுவருக்கு முதுகு காட்டினபடி. அதில் வேறு ஒருத்தரும் இருப்பதில்லை.