டாக்டர் பீமராவ் லண்டனில் இல்லை

திருச்சி,
ஆஸ்பத்திரி வார்டிலிருந்து

அன்பும் மரியாதையும் மிகுந்த அண்ணனுக்கு,

தங்கை விஜயராணி வணங்கி எழுதுவது. அண்ணியின் சௌக்கியத்தையும் வயலில் நாற்று பிடித்துவிட்டதா என்பதையும் அறிய ஆவல். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் உங்கள் மாப்பிள்ளைக்குக் கையில் சலைன் ஏறிக்கொண்டிருக்கிறது. போனில் எழுதினால் படிக்கும் முன்பே குடும்ப குரூப்புக்கு அனுப்பிவிடுவீர்கள், அதனால்தான் காகிதம். உங்கள் ஊர் லால்குடிப் பள்ளிக்குத் தினமும் ரயிலில் வரும் பக்கத்து வீட்டு லிசி டீச்சர் கொண்டுவந்து தருவாள்.

ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவெல்லாம் டெங்கு. இவருக்கும் காய்ச்சல் வந்தது, ரத்தப் பரிசோதனைக்குக் கூப்பிட்டேன், உடனே நீங்கள் அனுப்பிய செய்தியைக் காட்டினார். காய்ச்சலில் ரத்தம் எடுத்தால் எதிர்ப்புச் சக்தியும் ஊசி வழியே வெளியேறிவிடுமாம். திருவெறும்பூர்த் தொழிற்சாலையில் எக்ஸ்ரே பார்க்காமல் ஒரு வெல்டிங்கைக்கூட பாஸ் செய்யாத மனிதர், அண்ணா! சுகாதாரத் துறையின் அறிவிப்பைக் காட்டினேன். மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டு, "இதுல பத்து பேருக்கு அனுப்புங்கன்னு எங்கயும் போடலையே. எப்படி நம்பறது?" என்றார்.

"ஏங்க, ஈறுல ரத்தம் வருதுங்க. வாங்க போவோம்."

"அது வெத்தலை."

"நீங்கதான் வெத்தலையே போடறதில்லையே!"

"அப்ப பல்லு. நீ சும்மா இரு ராணி."

பயத்தில் அடுப்படியில் நின்றே டாக்டர் பீமராவ் என்று ஒருவரை உண்டாக்கி, லண்டனில் குடிவைத்தேன். காய்ச்சல் என்றால் உடனே ரத்தப் பரிசோதனை, ஈறில் ரத்தம் வந்தால் நேரே ஆஸ்பத்திரி, பத்து பேருக்கு அனுப்பவும் என்று அவர் பெயரில் தட்டி, லிசிக்கு மட்டும் அனுப்பினேன். பால் பொங்குவதற்குள் அது இவர் போனில் வந்து நிற்கிறது, உங்களிடமிருந்து! கொள்ளிடத்தை இரண்டு தடவை தாண்டியிருக்கிறது. போகும்போது வெறும் டாக்டராக இருந்தவர் திரும்பும்போது அரண்மனை வைத்தியர் ஆகியிருந்தார். ராஜகோபுரத்தின் அடியில்கூட நான் அப்படி வாய்பிளந்து நின்றதில்லை. உலகத்தில் எந்த உண்மைக்கு இந்த வேகம் உண்டு, சொல்லுங்கள்?

"அரண்மனை டாக்டரே சொல்றாரு, நீ இன்னும் அடுப்படியில என்ன பண்றே? கிளம்பு!" என்று சட்டையை மாட்டிக்கொண்டார்.

டெங்குதான். பிளேட்லெட் நிறையக் குறைந்திருந்தது. "இன்னும் தாமதிச்சிருந்தா…" என்று ஆரம்பித்த இங்குள்ள டாக்டரம்மா, அதை முடிப்பதற்குள் சலைன் ஏற்றத் தொடங்கிவிட்டார். இப்போது தேறிவருகிறார், ஆனாலும் அவர்கள் சொல்லும்வரை படுக்கையை விட்டு நகரக்கூடாது.

பொய்யைச் சொல்லிப் பிழைக்கவைத்தேன் என்பதில் எனக்கு நிம்மதியும் இருக்கிறது, உறுத்தலும் இருக்கிறது. தயவுசெய்து குரூப்பில் அறிவித்துவிடுங்கள்: பீமராவ் என்று யாரும் இல்லை, எழுதியது உங்கள் தங்கை. இனி எந்தச் செய்தியானாலும் அனுப்புவதற்கு முன் யார் சொன்னது என்று கேளுங்கள்.

அண்ணிக்கு என் நமஸ்காரம். பிள்ளைகளுக்கு ஆசிகள். தண்ணீர்த் தொட்டியை மூடிவைக்கவும்.

அன்புத் தங்கை,
விஜயராணி

பி.கு.: இதை மடிக்கும்போது இவர் போனுக்கு உங்களிடமிருந்து இன்னொரு செய்தி வந்திருக்கிறது. பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்ததுமே டெங்கு குணமாகிவிடுமாம், சலைன் ஏற்றுவது ஆபத்தாம். கீழே டாக்டர் பீமராவ், லண்டன். சத்தியமாக நான் எழுதவில்லை, அண்ணா! இவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து சலைன் ஊசியைப் பிடுங்கப் போகிறார், நான் ஒரு கையால் அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். "அந்த டாக்டரே நான்தாங்க" என்று சொல்லிவிட்டேன். வாழ்க்கையில் முதல் தடவையாக, ஆதாரம் கேட்கிறார்.