வலது கைக்கு மட்டும் வந்த நோய்

டெச்சிமான் நகரத்தில் அந்த வாரம் இரண்டு இடங்களில் கொரோனாவுக்குச் சோதனை நடந்தது. ஒன்று ஆஸ்பத்திரியில். மூக்கில் குச்சி விட்டு இலவசமாகப் பார்த்தார்கள். வந்தவர்கள் ஒன்பது பேர். இன்னொன்று, மூடிக்கிடந்த மரம் அறுக்கும் ஆலையின் முற்றத்தில். அங்கே தீர்க்கதரிசி அம்பாபெங் துணியை வைத்துப் பார்த்தார். காணிக்கை உண்டு. அதனால் நிற்க இடமில்லை. இடைவெளி விட்டு நில்லுங்கள் என்று வானொலி தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தது. மக்களும் விட்டார்கள், தங்களுக்கும் தங்கள் புத்திக்கும் நடுவே.

தலைநகர் அக்ராவில் விமானத்திலிருந்து இறங்கிய நோய், லாரி ஏறிக் குமாசிக்கு வந்து, அங்கிருந்து தக்காளிக் கூடைகளோடு டெச்சிமான் சந்தைக்கு வந்து சேர்ந்திருந்தது. தெற்கிலிருந்தும் வடக்கிலிருந்தும் நாடே வந்து கிழங்கு வாங்கும் சந்தை. பயணம் போக விரும்பும் நோய்க்கு இதைவிட நல்ல இடம் ஏது?

அம்பாபெங் இரண்டு வருஷத்துக்கு முன் ஜெபத்தால் விசா வாங்கித் தருபவர். போன வருஷம் பிள்ளை வரம் தருபவர். இந்த வருஷம் கிருமி நிபுணர். கடவுளே நேரில் வந்து பாடம் எடுத்தாராம். பரீட்சை வைத்தாரா என்று யாரும் கேட்கவில்லை. ஜெபக்கூட்டத்துக்குத் தடை இருந்ததால் வாசலில் 'பரிசோதனை முகாம்' என்று பலகை மாட்டினார். தடை அந்தப் பலகையைப் படித்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டது.

முகாம் நடந்த விதம் இது. வாசலில் இடமும் வலமுமாகக் குழாய் வைத்த இரண்டு வாளிகள். எந்த வாளியில் யார் கை கழுவுவது என்பதை மெர்சி என்ற வாட்டசாட்டமான பெண் முடிவு செய்வாள். ஈரக்கையோடு மேடையேறி, தீர்க்கதரிசி தரும் ஊதா நிறத் துணியைப் பிடிக்க வேண்டும். நிறம் மாறாவிட்டால் கிருமி இல்லை. பச்சையாகிவிட்டால் கூட்டம் "யேசுவே!" என்று அலறும். உடனே அவர் ஜீவநீர் தெளிப்பார். பச்சை போய்ச் சிவக்கும். "கிருமி செத்தது! இது அதன் ரத்தம்!" என்பார். கிருமிக்கு ரத்தம் உண்டா என்று யோசிக்க அங்கே யாருக்கும் நேரமில்லை. அந்தச் சிவப்புத் துணியை மணிக்கட்டில் கட்டிக்கொண்டால் முகமூடி தேவையில்லை, எங்கும் போகலாம்.

ஒரே ஒரு விசேஷம். வெறுங்கையோடு வந்தவர்களைக் கிருமி தொடுவதே இல்லை. காரில் வந்தவர்கள், தொடைப் பருமன் கிழங்கு சுமந்து வந்தவர்கள், இவர்களைத்தான் பிடித்தது. ஆள் பார்த்து ஒட்டும் கிருமி!

வேன் நிலையத்தருகே சோபோலோ விற்கும் ஃப்ரேமாவுக்கு இதைப் பற்றியெல்லாம் அக்கறை இல்லை. காய்ந்த சிவப்புப் புளிச்சைப்பூவை இஞ்சி, கிராம்பு போட்டுக் கொதிக்க வைத்து, ஆற்றி, சர்க்கரை சேர்த்து விற்பது அவள் தொழில். இரண்டு மாதமாக மெர்சி வந்து, இஞ்சியும் கிராம்பும் கலந்து கட்டிய பூவை மூட்டை மூட்டையாக வாங்கிப் போனாள். முகாமுக்கு வருகிறவர்கள் குடிக்க என்றாள். அந்த லாபத்தில் ஃப்ரேமா புது அடுப்பு வாங்கினாள். முகாமுக்குப் போய் வந்தவர்கள் அவள் கடையில் வந்துதான் தாகத்துக்குக் குடித்தார்கள். அது ஏன் என்று அவளும் யோசிக்கவில்லை. லாபம் வரும்போது யார்தான் யோசிக்கிறார்கள்?

ஒரு நண்பகல், அவள் தம்பி செரே வந்தான். டமாலேவுக்கு வேன் ஓட்டுகிறவன். முகமூடி இல்லை. மணிக்கட்டில் சிவப்புத் துணி.

"என்னடா இப்படி இருமுற?"

"தூசிதான்க்கா."

நெற்றியைத் தொட்டாள். "கொதிக்குதேடா!"

"வெயில்ல ஓட்டுனா கொதிக்காதா? ரெண்டு நாளா வாசனையே தெரியலக்கா. அதுவும் நல்லதுதான். பின்னாடி ஆட்டுக்கிடா ஏத்துறானுங்க."

"ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு."

"எனக்கெதுக்கு? போன வாரமே தீர்க்கதரிசி பாத்துட்டாரு. பச்சையாச்சு, அப்புறம் செவந்துச்சு. முடிஞ்சுது. நாளைக்கு இருபத்திரண்டு பேரோட டமாலே போறேன்."

அவன் மணிக்கட்டைப் பிடித்துத் துணியை முகர்ந்தாள். இஞ்சி. கிராம்பு. அவள் விற்ற பூவின் சாறில் தோய்த்த துணி. அவளுடைய கடை வாசனை அவன் கையில் கட்டியிருந்தது. அது தெரியாத மூக்கோடு அவன் நின்றுகொண்டிருந்தான்.

நாலு வருஷத்துக்கு முன் சலவைச் சோடா போட்டுத் தேய்த்த பானையைச் சரியாக அலசாமல் சோபோலோ ஊற்றினாள். பானம் முழுக்கப் பாசி மாதிரி பச்சையாகிவிட்டது. பதறிப்போய் எலுமிச்சை பிழிந்தாள். பழையபடி சிவந்தது. அன்று அவள் தீர்க்கதரிசி ஆகிவிடவில்லை. பானையை மறுபடி கழுவிக் கவிழ்த்தாள், அவ்வளவுதான்.

இப்போது ஒரு கோப்பையில் ஊற்றி, சோப்புத் தண்ணீர் விட்டு, அவன் கண்ணெதிரே பச்சையாக்கிக் காட்டினாள்.

"உன் கையில ஆவுறது வேற, அவர் கையில ஆவுறது வேறக்கா" என்றான் செரே.

பக்கத்தில் நின்ற டொக்குவாவும் தலையாட்டினாள். கிழங்குச் சந்தைக்கே தலைவி. அவள் கையிலும் சிவப்புத் துணி. "நீ பானம் விக்கிறவ. அவரு கடவுளோட பேசுறவரு. பெரிய எடத்துல வாய வைக்காத, ஃப்ரேமா."

"பேசட்டும் தலைவி அம்மா, நான் தடுக்கல." ஃப்ரேமா தம்பியிடம் திரும்பினாள். "நாளைக்குக் காலையில முகாம் இருக்குல்ல? மதிலோரமா வேன நிறுத்திட்டு உள்ளயே உக்காந்து பாரு. யாரையும் ஏத்தாத. அவர் கையிலயும் இதேதான்னு காட்டுறேன். நான் தோத்தா நீ டமாலே போ. ஒரு வருஷத்துக்கு உனக்குச் சோபோலோ சும்மா."

"இப்பவும் சும்மாதானேக்கா குடிக்கிறேன்?" என்று சிரித்தான். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

மறுநாள் ஃப்ரேமா இருப்பதில் நல்ல உடுதுணியை இடுப்பில் சுற்றிக்கொண்டு, தலையில் பெரிய கிழங்கோடு முகாம் வாசலுக்குப் போனாள். மெர்சி ஆளைப் பார்க்கவில்லை, கிழங்கைப் பார்த்தாள்.

"வலப்பக்க வாளி."

மெர்சி கிழங்கைக் கொட்டகைக்குள் உருட்டப் போன நேரத்தில், ஃப்ரேமா வலது கையை வலப்பக்க வாளியில் கழுவினாள். வழவழவென்றிருந்தது, சாம்பலைக் கரைத்துத் தெளிய வைத்த காரத் தண்ணீர். இடது கையை இடப்பக்க வாளியில் கழுவினாள். அது வெறும் தண்ணீர். இரண்டு கையையும் ஒன்றோடொன்று படாமல் அகட்டிப் பிடித்துக்கொண்டு மேடையேறினாள்.

"துணியைப் பிடி மகளே" என்றார் அம்பாபெங்.

"ரெண்டு துணி குடுங்கய்யா."

"எதுக்கு ரெண்டு?"

"பாவம் கொஞ்சம் ஜாஸ்தி."

கூட்டம் சிரித்தது. அவரும் தாராளமாகச் சிரித்துக் கொடுத்தார். அவள் இரண்டையும் உயர்த்திப் பிடித்தாள். இடது கைத் துணி ஊதாவாகவே இருந்தது. வலது கைத் துணி பச்சையானது. "யேசு" என்று ஆரம்பித்த கூட்டம் பாதியில் நின்றது.

"ஐயா, எனக்கு நோய் இருக்கா, இல்லையா?"

"இருக்கு! பச்சையப் பாத்தியா?"

"இந்தக் கை இல்லைங்குதே?"

தீர்க்கதரிசி கைக்கோலை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். "கிருமி வலப்பக்கமா ஏறியிருக்கு. இன்னும் இந்தப் பக்கம் வரல."

"அப்ப எதுவரைக்கும் வந்திருக்கு? தொப்புள் வரைக்குமா?"

முற்றமே குலுங்கியது. தீர்க்கதரிசி சிரிக்கவில்லை. கோலைத் தரையில் ஓங்கிக் குத்தி, "சூனியக்காரி!" என்று கத்தினார். "கடவுளோட துணிக்கு மந்திரக்கட்டு போட்டுட்டா! பிடிங்க இவள!"

சிரிப்பு பட்டென்று அணைந்தது. அந்த ஒரு சொல்லுக்கு என்ன பலம் என்று ஃப்ரேமாவுக்குத் தெரியும். அந்தச் சொல்லால் வீடு இழந்தவர்களை அவள் பார்த்திருக்கிறாள். நான்கு ஆண்கள் மேடைப் பக்கம் நகர்ந்தார்கள். அவள் ஓர் அடி பின்வாங்கினாள். கையை மட்டும் இறக்கவில்லை.

"நில்லுங்கடா!" கூட்டத்துக்குள்ளிருந்து டொக்குவாவின் குரல். சந்தையில் லாரிகளையே நிறுத்தும் குரல். "இவ சூனியம்னா, நானுமா சூனியம்? நானே பாக்குறேன்."

மெர்சியை ஒரு தள்ளு தள்ளிவிட்டு, தலைவி வாசலில் கை கழுவினாள். வலதை வலப்பக்க வாளியில், இடதை இடப்பக்க வாளியில். மேடையேறித் துணிகளைப் பறித்துப் பிடித்தாள். வலது பச்சை. இடது ஊதா. அவள் கையை இரண்டு தடவை மாற்றி மாற்றிப் பார்த்தாள். பிறகு அம்பாபெங்கின் கோலைப் பிடுங்கி, வாசலுக்குப் போய் வலப்பக்க வாளியில் முக்கி எடுத்துவந்து, இன்னொரு துணியால் துடைத்தாள்.

பச்சை.

"ஐயா, உங்க கோலுக்குக் கொரோனா" என்றாள் டொக்குவா. "தனியாப் படுக்க வையுங்க."

ஃப்ரேமா மடியிலிருந்து எலுமிச்சையை எடுத்து அந்தத் துணியில் பிழிந்தாள். பச்சை போய், ரத்தமாய்ச் சிவந்தது. "பாத்துக்கங்க, நானும் கிருமியக் கொன்னுட்டேன். எனக்கு யாரு கிழங்கு தரப்போறீங்க?"

அதற்குள் அம்பாபெங் மேடைக்குப் பின்னால் நின்ற காருக்குள் புகுந்திருந்தார். கூட்டம் காரைச் சூழ்ந்தது. கண்ணாடியை ஏற்றுவதற்கு முன் அவர் அவசரமாக ஒரு காரியம் செய்தார். இருக்கையிலிருந்த பெட்டியைத் திறந்து, முகமூடி ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டார். நல்ல தரமான முகமூடி. பெட்டி நிறைய இருந்தது. முகமூடி பிசாசு மாட்டும் வாய்ப்பூட்டு என்று இரண்டு மாதம் முழங்கிய வாயை அது அழகாக மூடியது. இவ்வளவு நாளில் அவர் செய்த ஒரே அறிவுள்ள காரியம் அதுதான். கூட்டத்தைப் பிளந்துகொண்டு கார் பறந்தது. குமாசிச் சாலையில் முப்பது மைல் தாண்டிப் போலீஸ் அவரைப் பிடித்தது.

மதிலோரம், செரே வேனைவிட்டு இறங்கித் தரையில் குந்தியிருந்தான். அக்கா கிட்டே வரவும், "வராதக்கா" என்று கை காட்டினான். மணிக்கட்டுத் துணியைப் பல்லால் கடித்து அவிழ்த்தான். "இதக் கட்டுனப்புறம் நாலு தடவ போயிட்டு வந்தேன். ஒவ்வொரு தடவையும் வண்டி நிறைய ஆளு."

ஆஸ்பத்திரியில் குச்சி வைத்துப் பார்த்துவிட்டு, அந்த நாலு தடவை யார் யார் வந்தார்கள் என்று கேட்டார்கள். ஆறு பேரைத்தான் அவனுக்குத் தெரியும். பன்னிரண்டு நாள் ஆக்சிஜன் குழாயோடு கிடந்து பிழைத்தான். ஆறில் ஒருத்தி, புயிபே ஊரில் இறங்கிய வெண்ணெய் வியாபாரி, பிழைக்கவில்லை. வழியில் அவனுக்கு வறுத்த கடலை கொடுத்தவள். மற்றவர்கள் எந்தெந்த ஊரில், எந்தெந்த வீட்டில் இருமினார்களோ.

ஃப்ரேமா புது அடுப்பை விற்றுப் பணத்தை அந்த வெண்ணெய்க்காரியின் வீட்டுக்கு அனுப்பினாள். எதற்கு என்று கேட்டவர்களிடம், "பூ வித்தது நான்தானே?" என்றாள்.

ஒரு மாதம் கழித்து, தொப்பி போட்ட ஓர் ஓட்டுநர் கடைக்கு வந்து சோபோலோ கேட்டான். பாதி குடித்ததும் கிட்டே வந்தான்.

"அம்பாபெங் திருடன்னு எனக்கு அப்பவே தெரியும்க்கா. வெஞ்சியில புதுசா ஒருத்தர் வந்திருக்காரு. முட்டைய உடச்சுக் கிருமியக் கண்டுபிடிக்கிறாரு. இவரு நெஜமானவரு. நாளைக்குப் போறேன்."

ஃப்ரேமா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "போ. ஆனா முட்டைய உன் வீட்டுலேருந்து கொண்டுபோ. உன் முட்டை வேணாம், என் முட்டைதான் உடைப்பேன்னாருன்னா, திரும்பி வந்துடு."

"ஏன்க்கா?"

"அதத்தான்டா நீ யோசிக்கணும். கழுத்துக்கு மேல கடவுள் ஒண்ணு குடுத்திருக்கான் பாரு, அது தொப்பி மாட்டுற ஆணி இல்ல."