நாற்காலிச் சேனாதிபதி

பலூன் வெடித்தால் காதைப் பொத்திக்கொள்வார். தெருநாய் முறைத்தால் வேறு சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வருவார். அலுவலகத்தில் மேலாளர் இருமினால் எழுந்து நிற்பார். இப்படிப்பட்ட ஒருவர் ஒரு ராஜ்ஜியத்தையே கட்டி ஆள்கிறார் என்று சொன்னால் நம்புவீர்களா? நம்பித்தான் ஆக வேண்டும். நாற்காலிச் சேனாதிபதி என்கிற இனத்தைப் பற்றித்தான் இப்போது சொல்ல வந்திருக்கிறேன். உங்கள் தெருவில் ஒருவராவது இருப்பார். சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து, "சுத்தி வளை! விடாதே! மண்டையிலேயே போடு!" என்று சத்தம் வந்தால் போலீசைக் கூப்பிட ஓடாதீர்கள். உள்ளே ஒரு குடும்பஸ்தர் பனியனோடு உட்கார்ந்து கம்ப்யூட்டரில் கேம் ஆடிக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான்.

என் பக்கத்து வீட்டிலும் ஒருவர் இருக்கிறார். அதென்ன விளையாட்டு என்று ஒரு நாள் வாய் தவறிக் கேட்டுத் தொலைத்தேன். அன்றைய பொழுது போச்சு. உங்களுக்கு அந்தக் கஷ்டம் வேண்டாம், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டிராகன்களும் சூனியக்காரிகளும் எலும்புக்கூட்டுப் படைகளும் திரிகிற ஒரு நாடு. அங்கே கோட்டை கட்ட வேண்டும், வீரர்களைத் திரட்ட வேண்டும், அடுத்தவன் கோட்டையைப் பிடிக்க வேண்டும். இது பாதிதான். மீதிப் பாதியில் உங்களுக்கென்று ஒரு நாயகன் இருப்பான். அவனுக்கு வாள் தேடிக் கொடுத்து, கவசம் மாட்டிவிட்டு, மந்திரம் கற்றுக்கொடுத்து, சண்டைக்குச் சண்டை லெவல் ஏற்றி ஆளாக்க வேண்டும். ஆகப் படையும் நடத்த வேண்டும், பிள்ளையும் வளர்க்க வேண்டும். இதில் பெரிய சிக்கல் என்னவென்றால், எதிரே ஆடுகிறவர்களும் எங்கெங்கோ பனியனோடு உட்கார்ந்திருக்கிற நிஜ மனிதர்கள். அதனால் சண்டையை நடுவில் நிறுத்த முடியாது. சதுரங்கம் மாதிரி நீ ஒரு தடவை, நான் ஒரு தடவை என்கிற பேச்சே கிடையாது. நீங்கள் ஒரு தும்மல் தும்மி நிமிர்வதற்குள் வில்லாளிகள் பாதிப்பேர் செத்திருப்பார்கள்.

எனவே சேனாதிபதியின் வாயில் ஒரு வாக்கியம் நிரந்தரமாகக் குடியிருக்கிறது: "இப்ப நிறுத்த முடியாது." மாடித் தொட்டி நிரம்பித் தண்ணீர் படிக்கட்டில் இறங்கி வந்தாலும், காஸ் சிலிண்டர்க்காரர் வாசலில் நின்று பெல்லை அமுக்கி அமுக்கி விரல் வீங்கிப் போனாலும், பெற்ற தாயே போனில் வந்து மூட்டுவலியைப் பற்றி ஆரம்பித்தாலும், அடுப்பில் வைத்தது கருகி அந்தப் புகை அவர் மூக்கையே வந்து தட்டினாலும், பதில் அதுதான். நிறுத்த முடியாது. ராஜ்ஜியம் முக்கியமா, தொட்டி முக்கியமா?

நாயகனை அவர் வளர்க்கும் அழகு இருக்கிறதே, கண் பட்டுவிடும். அவனுக்கு எந்தக் காலணி போட்டால் பனிமலையில் வழுக்காது, எந்தக் கஷாயம் கொடுத்தால் விஷம் இறங்கும், எந்தக் குதிரை அவன் குணத்துக்கு ஒத்துவரும் என்பதெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். நான் அங்கே உட்கார்ந்திருந்த ஒரு நாள் அவர் மகள் கதவில் சாய்ந்துகொண்டு கேட்டாள்.

"அப்பா, உங்க ஹீரோ இப்ப எந்த லெவல்?"

"நாப்பத்தொண்ணு! இன்னும் ரெண்டு டிராகன் அடிச்சா நாப்பத்திரெண்டு."

"நான் எந்தக் கிளாஸ்?"

சேனாதிபதி மவுஸை அசைக்காமல் யோசித்தார். எதிரி முற்றுகையில்கூட அவர் இவ்வளவு நேரம் யோசித்து நான் பார்த்ததில்லை.

"ஆறு?"

"ஏழுப்பா. அதுவும் முடியப்போகுது."

"அதான் சொல்ல வந்தேன்," என்றார் சேனாதிபதி, திரையைப் பார்த்தபடி.

பகலில் அவர் ஒரு கூரியர் கம்பெனியின் கிடங்கில் பார்சல் பிரிக்கும் பகுதிக்குப் பொறுப்பாளர். அங்கேயும் பேச்செல்லாம் போர்ப் பேச்சுதான். "நம்ம இடது பக்கம் பலவீனமா இருக்கு," என்பார். இரண்டு பேர் லீவு என்று அர்த்தம். ஆனால் மேலாளர் வந்து, "ஞாயித்துக்கிழமை காலையில வந்துடுங்க," என்றால், எலும்புக்கூட்டு மன்னனையே மண்டியிட வைத்த நம் ஆள், "சரிங்க சார்," என்று சொல்லி மூன்றடி பின்னால் நகர்ந்துகொள்வார். முறையாகப் பின்வாங்குவதும் ஒரு போர்க்கலைதானே?

அவருக்கு ஒரு கூட்டாளி உண்டு. ஹெட்செட்டில் குரலாக மட்டும் வருகிறவர், பட்டப்பெயர் மந்திரவாதி. நிஜத்தில் வேறு ஏதோ ஊரில் மருந்துக்கடை வைத்திருக்கிறார். இருவரும் நேரில் பார்த்துக்கொண்டதே இல்லை. ஆனாலும் ஒருவருக்காக ஒருவர் உயிரைக் கொடுப்பார்கள், பலமுறை கொடுத்துமிருக்கிறார்கள்.

இனி வீட்டம்மாவுக்கு வருவோம். அவர் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறார். லென்ஸை இழைத்து ஃப்ரேமில் பொருத்துவது அவர் பொறுப்பு. சேனாதிபதி சண்டையில் இருக்கும்போது என்ன கேட்டாலும் "சரி சரி" என்று சொல்லிவிடுவார் என்பதை மகள் எப்போதோ கண்டுபிடித்து, அந்த வழியில் இரண்டு சுற்றுலாவும் ஒரு சைக்கிளும் வாங்கிவிட்டாள். அம்மா மட்டும் அந்த வழிக்குப் போகமாட்டார். தான் கேட்கிற விஷயம் எதிராளி காதில் விழ வேண்டும் என்று நினைக்கிற பழைய காலத்து மனுஷி. சண்டை முடியட்டும் என்று காத்திருப்பார். அது முடிவதற்குள் இவருக்குத் தூக்கம் வந்துவிடும்.

அந்தக் கடைக்காரர்கள் ஆறு மணி நேரப் பயணத்தில் இருக்கிற இன்னொரு ஊரில் கிளை திறந்தார்கள். அதற்குப் பொறுப்பேற்க இவரைக் கூப்பிட்டார்கள். வாரத்தில் ஐந்து நாள் அங்கே தங்க வேண்டும். இவர் வெகுகாலமாக ஆசைப்பட்ட பதவி. தனக்குக் கற்றுக்கொடுத்தவர்கள், தன்னிடம் கற்றுக்கொண்டவர்கள் எல்லாரும் ஏதாவது ஒரு கிளைக்குத் தலைமையாகப் போய்விட்டார்கள், தான் மட்டும் இழைக்கிற மிஷின் முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறோம் என்கிற வருத்தம் அவருக்கு உண்டு, என் மனைவியிடம் சொல்லி அழுதுமிருக்கிறார். ஞாயிறு மாலைக்குள் பதில் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். வாரம் முழுக்கக் காத்திருந்தார். சண்டை ஓயவில்லை. கடைசியில் ஞாயிறு மத்தியானம், ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, அந்த அறை வாசலில் போய் நின்றார்.

"என்னங்க, ஒரு விஷயம். புதுக் கிளைக்கு என்னைப் போகச் சொல்றாங்க."

அதே சமயத்தில் சேனாதிபதியின் குதிரைப்படை ஒரு கணவாயில் மாட்டிக்கொண்டிருந்தது. பின்னால் எலும்புக்கூடுகள் துரத்தி வந்தன. குதிரைகள் தப்பினால்தான் வடக்குக் கோட்டைக்கு உதவி போய்ச் சேரும்.

"என்னங்க, கேக்குதா? எனக்குப் போகணும்னு இருக்கு. ஆனா வீடு, பாப்பா ஸ்கூலு... அதெல்லாம் நெனச்சா பயமா இருக்கு. போகட்டுமா?"

சேனாதிபதி நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினார்.

"போ! யோசிக்காதே, போ! திரும்பிப் பாக்காம போயிட்டே இரு! பின்னாடி இருக்கிறதை நான் பாத்துக்கறேன்!"

வாசலில் நின்றவர் அப்படியே நின்றார். பிறகு சத்தம் போடாமல் திரும்பிப் போய், கடை முதலாளி அம்மாவுக்குப் போன் செய்து சம்மதம் சொன்னார்.

சாயங்காலம் சேனாதிபதி டீ கேட்டு வெளியே வந்தபோது கூடத்தில் பெரிய பெட்டி திறந்து கிடந்தது. போனில், ஸ்பீக்கரில், வீட்டம்மாவின் அக்கா குரல்.

"நெஜமாவா சொன்னாரு? பின்னாடி இருக்கிறதை நான் பாத்துக்கறேன்னா? எங்க வீட்டு மனுஷன் ஒரு நாளாவது என்கிட்ட அப்படிச் சொல்லியிருப்பாரா? குடுத்து வெச்சவடி நீ!"

"யாரு, என்ன சொன்னது?" என்றார் சேனாதிபதி.

"நீங்கதாங்க. மத்தியானம். புதுக் கிளைக்குப் போறதைப் பத்திக் கேட்டேனே? போ, திரும்பிப் பாக்காம போன்னு சொன்னீங்களே?"

சேனாதிபதிக்கு விஷயம் மெல்ல மெல்ல விளங்கியது. அது குதிரைகளுக்குச் சொன்னது என்று சொல்ல வாயைத் திறந்தார். மகள் கையைத் தட்டிக்கொண்டு, "சூப்பர்ப்பா!" என்றாள். போனில் அக்கா இன்னும் பாராட்டிக்கொண்டிருந்தார். மனைவியோ சேலைகளை மடித்துப் பெட்டியில் வைத்தபடி, முகம் மலர்ந்து, பத்து வயது குறைந்தவர் போல இருந்தார். திறந்த வாயை மூடிக்கொண்டார் சேனாதிபதி. நான் அறிந்தவரையில் அவர் எடுத்த ஒரே நல்ல ராணுவ முடிவு அதுதான்.

அறைக்குள் போய் ஹெட்செட்டை மாட்டினார்.

"கோட்டை விட்டுட்டேன்யா," என்றார் தழுதழுத்து.

"ஐயோ! வடக்குக் கோட்டையா, ஆத்தங்கரைக் கோட்டையா?" என்று பதறினார் மந்திரவாதி.

"வீட்டுல கோட்டை விட்டுட்டேன்."

"வீட்டுக்கோட்டையா? அது எந்த மேப்புல இருக்கு?"

பாருங்கள், இந்த இனத்திடம் தாய்மொழிகூடப் பேச முடியாது. நம்மைப் போன்றவர்கள் வாய்ப்பை நழுவவிட்டால் கோட்டை விட்டோம் என்போம். இவர்களிடம் சொன்னால் எத்தனை வில்லாளிகள் செத்தார்கள் என்று கேட்பார்கள்.

புறப்படுகிற அன்று பெட்டி கனமாக இருந்ததால் பஸ் ஸ்டாண்டுக்கு நானும் கூடப் போனேன். பஸ் எஞ்சினை ஓடவிட்டு நின்றது. மகள் ஜன்னலோரம் அம்மாவுக்குச் சீட்டுப் பிடிக்க ஏறினாள். சேனாதிபதி ஏதோ சொல்ல வேண்டும் என்று பெட்டியின் கைப்பிடியைத் திருகிக்கொண்டே நின்றார். கடைசியில் தைரியம் வந்துவிட்டது.

"அன்னிக்கு நான் சொன்னது இருக்கே... அது வந்து..."

"குதிரைங்களுக்குச் சொன்னீங்க," என்றார் மனைவி.

"தெரியுமா?"

"எனக்கு என்ன, கண்ணு தெரியாதா? வாசல்லேருந்தே எல்லாம் தெரிஞ்சுது. வெள்ளைக் குதிரைங்க."

"அப்புறம் ஏன் நான் சொன்னேன்னு எல்லார்கிட்டயும்..."

"வாரம் பூரா கேக்கக் காத்திருந்தேன், உங்க சண்டை ஓயலை. போன்னு சொல்லவும் ஆளில்லை, போகாதேன்னு சொல்லவும் ஆளில்லை. அன்னிக்குத்தான் அந்த வார்த்தையைக் கேட்டேன். எனக்கு யாரும் அப்படிச் சொன்னதே இல்லைங்க. அதான், குதிரைக்குச் சொன்னதா இருந்தாலும் பரவால்லைன்னு நான் எடுத்துக்கிட்டேன்."

இதைச் சொல்லும்போது அவர் சிரித்தார், கண்ணும் கலங்கியிருந்தது. சேனாதிபதி பெட்டியைத் தூக்கி பஸ்ஸில் ஏற்றினார். சும்மா கேலி செய்துகொண்டே வந்த எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. மகள் இறங்கி வந்தாள், அம்மா ஏறினார். பஸ் கிளம்பியபோது, "பாத்துக்கறேன்!" என்று சேனாதிபதி கத்தினார். இந்த முறை எதிரே ஒரு குதிரையும் இல்லை.

அவர் திருந்திவிட்டாரா என்று கேட்கிறீர்கள். அந்த இனத்தில் அப்படியெல்லாம் நடப்பதில்லை. காலையில் பால் பொங்குகிறது, ஸ்கூல் வேன் ஹாரன் அடிக்கிறது, மகளின் ஒற்றைக் காலுறையைக் காணோம், வாஷிங் மிஷின் வேறு ஆடி ஆடி அறையை விட்டே வெளியே வரப் பார்க்கிறது. சேனாதிபதி நடுக்கூடத்தில் கரண்டியோடு நின்று, "வலது பக்கம் பாரு! கட்டிலுக்கு அடியில தேடு!" என்று உத்தரவு போடுகிறார், படை அவரை மதிப்பதில்லை. ராத்திரி மனைவி போன் செய்தால், ஆடிக்கொண்டிருந்தாலும் ஹெட்செட்டை ஒரு பக்கக் காதிலிருந்து இறக்கிவிடுகிறார். ஒரு பக்கம்தான். அவர் அளவில் அது மாபெரும் சமாதான உடன்படிக்கை.

நமக்கென்ன, நாம் கேமெல்லாம் தொடுவதே இல்லை, நமக்கு இருப்பது படிக்கிற நல்ல பழக்கம் மட்டும்தான் என்று நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்கிறீர்கள், தெரிகிறது. சந்தோஷம். ஒன்றே ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இதை நீங்கள் படித்துக்கொண்டிருக்கும்போது யாரோ பக்கத்தில் வந்து நின்று உங்களிடம் என்னவோ கேட்டார்களே, நீங்களும் தலை நிமிராமல் "ம்" என்றீர்களே, அவர்கள் கேட்டது என்ன? ஞாபகம் இல்லையா? எழுந்து போய்ப் பாருங்கள். உள்ளே பரணிலிருந்து பெட்டியை இறக்குகிற சத்தம் கேட்கிறது.