என் ஹிஸ்டரியில் கோயம்புத்தூர்

அபார்ட்மெண்ட் அசோசியேஷனில் செக்ரட்டரி ஆவது மிகச் சுலபம். பொதுக்குழுக் கூட்டத்துக்குப் போகாமல் இருந்தால் போதும். வந்தவர்கள் எல்லாரும் சேர்ந்து வராதவரை ஏகமனதாகத் தேர்ந்தெடுத்துவிடுவார்கள். அப்படித்தான் நானும் என் மச்சினன் வீட்டு கிரகப்பிரவேசத்தில் பாயசம் குடித்துக்கொண்டிருந்த நேரத்தில், பெருங்களத்தூரில் செக்ரட்டரி ஆனேன். (திரும்பி வந்தபோது வாட்ச்மேன் ஏழுமலை என்றைக்கும் இல்லாத திருநாளாக எழுந்து நின்று சல்யூட் அடித்தார். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.)

ஏறுவது சுலபம், இறங்கத்தான் வழி கிடையாது. காலையில் பல் தேய்க்கும்போது ஒரு போன், "சார், தண்ணி வரல." கிண்டி ஆபீசுக்கு ரயில் ஏறினால் பல்லாவரம் தாண்டுவதற்குள் இன்னொன்று, "சார், தண்ணி வழியுது." லிஃப்ட் நின்றால் நான். ஒருவர் காரை இன்னொருவர் இடத்தில் விட்டால் நான். மாடியில் காயப்போட்ட வடாமைக் காக்கா தூக்கிக்கொண்டு போனதற்கும் என்னைத்தான் கூப்பிட்டார்கள். காக்கா அசோசியேஷனுக்குச் சந்தா கட்டுவதில்லை என்று அவர்களுக்கு யார் சொல்வது?

என் மனைவி மாலதியின் வருத்தம் வேறு மாதிரி.

"நம்ம வீட்டு பாத்ரூம் குழாய் எத்தனை நாளா ஒழுகுது தெரியுமா? செக்ரட்டரிகிட்ட சொல்லலாம்னா, அவர் வீட்லயே இருக்க மாட்டேங்கறார்."

ராஜினாமா செய்து பார்க்காமல் இல்லை. முதலில் முதுகுவலி என்றேன். பொருளாளர் ராமநாதன் சார், ரயில்வே கணக்குப் பிரிவில் ரிட்டயர் ஆனவர், ஒரு பாட்டில் தைலத்தோடு வந்தார். "செக்ரட்டரி வேலைக்கு முதுகு எதுக்கு சார்? போன் எடுக்கக் கைதான வேணும்" என்றார். அடுத்து மனசு சரியில்லை என்றேன். முதல் மாடி பிலோமினா டீச்சர் ஒரு பெரிய தூக்கு நிறைய மிளகு ரசம் வைத்துக்கொண்டு வந்து, எனக்காக ஜெபமும் செய்துவிட்டுப் போனார். ரசம் பிரமாதம். பதவி அப்படியே இருந்தது.

மனிதர்களிடம் கேட்க வெட்கமாக இருப்பதை எல்லாம் லேப்டாப்பிடம் கேட்பது என் பழக்கம். அதுவும் பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுகிற மாதிரி முழுசாக டைப் அடிப்பேன். 'அசோசியேஷன் பதவியிலிருந்து சண்டை இல்லாமல் நழுவுவது எப்படி' என்று ஆரம்பித்தேன். ஒன்றிலிருந்து ஒன்று தாவி, கடைசியில் டிரான்ஸ்ஃபர் என்ற யோசனையில் வந்து நின்றேன். எங்களுடையது இன்சூரன்ஸ் ஆபீஸ், எந்த ஊருக்கு வேண்டுமானாலும் தூக்கி அடிப்பார்கள் என்பது ஊரறிந்த விஷயம். திட்டம் இதுதான். கோயம்புத்தூருக்கு மாற்றல் என்று சொல்ல வேண்டியது. அவர்கள் வேறு ஆளைச் செக்ரட்டரி ஆக்குவார்கள். ஒரு வாரம் கழித்து, 'கடவுள் புண்ணியத்தில் டிரான்ஸ்ஃபர் கேன்சல்' என்று சொல்ல வேண்டியது. போன பதவி போனதுதான், யாரும் திருப்பித் தர மாட்டார்கள். என்னுடைய புத்திசாலித்தனத்தை நினைத்து எனக்கே புல்லரித்தது.

மாலதியிடம் சொன்னேன். "எனக்கும் இதுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்ல" என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

கூட்டத்தில் குரல் தழுதழுக்க அறிவித்தேன். அடுத்த செக்ரட்டரியாக மூன்றாவது மாடி கார்த்திக்கை ஏகமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள். கார்த்திக் சாஃப்ட்வேர் கம்பெனிப் பையன், கல்யாணமாகி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. (அன்றைக்கு அவன் மாமனார் ஊருக்குப் போயிருந்தான். வேறென்ன?)

எல்லாம் வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போனது. ஒரே ஒரு சங்கடம், பிலோமினா டீச்சர். அவருடைய தங்கை இருப்பது கோயம்புத்தூரில். நான் கேட்காமலே தங்கைக்குப் போன் போட்டு எனக்கு வீடு தேடச் சொல்லிவிட்டார். அந்தத் தங்கை பாவம், வெயிலில் அலைந்து, சுந்தராபுரத்தில் தன் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு போர்ஷனைப் பிடித்து, போட்டோவும் அனுப்பிவிட்டார்.

"சமையலறை கொஞ்சம் சின்னது தம்பி. ஆனா நல்ல காத்தாம். நீங்க தனியாளா என்ன பண்ணுவீங்களோன்னு எனக்கு ஒரே கவலை" என்றார் டீச்சர்.

"கர்த்தர் பார்த்துப்பார் டீச்சர்" என்று நான் சொன்னேன். சொன்ன வாயைக் கழுவ வேண்டும் போலிருந்தது. ஒரு பொய்க்காக ஒரு நல்ல மனுஷி தன் தங்கையையே வெயிலில் விட்டிருக்கிறார். இருந்தாலும் தண்ணீர் மோட்டார் சத்தத்தை நினைத்துக்கொண்டேன், மனசு கல்லானது.

பொறுப்பை வாங்கிக்கொள்ள கார்த்திக் வந்தான். லிஃப்ட் கம்பெனிக்குப் புகார் எழுதும் பக்கம், தண்ணீர் லாரி புக் பண்ணும் பக்கம், கரண்ட் பில் கட்டும் பக்கம் எல்லாவற்றின் முகவரியும் அவனுக்கு வேண்டும்.

"புக்மார்க் பண்ணி வெச்சிருக்கீங்களா சார்?"

"அப்படின்னா?"

அவன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். "பரவால்ல சார். உங்க ஹிஸ்டரிலேர்ந்தே எடுத்துக்கலாம். ஒரு சின்ன சாஃப்ட்வேர் இருக்கு. நீங்க எந்தெந்த பிரவுசர்ல, எங்கெங்க, எப்போ, எத்தனை தடவை போனீங்கன்னு எல்லாத்தையும் ஒரே லிஸ்ட்டா காட்டிடும். வேணுங்கறத சேவ் பண்ணலாம், வேணாங்கறத டெலிட் பண்ணலாம். டூ மினிட்ஸ்" என்று சொல்லிக்கொண்டே என் லேப்டாப்பில் அதைப் போட்டுவிட்டான்.

திரையில் மளமளவென்று வரிகள் இறங்கின. தண்ணீர் லாரிக்கும் லிஃப்டுக்கும் நடுவில், பட்டுச்சேலைக் கடையில் புகுந்த எலி மாதிரி, 'முதுகுவலி என்று பொய் சொன்னால் கண்டுபிடிக்க முடியுமா' என்று ஒரு வரி ஓடியது. படாரென்று மூடினேன்.

"நான் பொறுமையா சரி பண்ணி அனுப்பறேன்பா. நீ போய்ச் சாப்பிடு."

அவன் போனதும் உட்கார்ந்தேன். வேலையை ஒழுங்காகத்தான் செய்தேன், அதைச் சொல்லியாக வேண்டும். பட்டியலை மேலிருந்து கீழ்வரை படித்து, வில்லங்கமான வரிகளை மட்டும் ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்தேன். ஒன்றுகூட விடவில்லை. அவற்றை அழித்துவிட்டு, மிச்சத்தைச் சேமித்து அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. சரியாக அந்த நேரம் மாலதி சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள்.

"ஏங்க, டேங்க் வழியுதாம். ஏழுமலை கீழேர்ந்து கத்தறார்."

அவசரமாக மெனுவைத் திறந்தேன். 'தேர்ந்தெடுத்ததை அழி', அதற்கு நேர் கீழே 'தேர்ந்தெடுத்ததைச் சேமி'. ஓர் எழுத்துக் கனம்தான் இடைவெளி. கோப்புக்கு என்ன பெயர் என்று அது கேட்டது. அழிக்கிறவன் எதற்குப் பெயர் வைக்கிறான் என்று சாதாரண மனிதனுக்குத் தோன்றியிருக்கும். எனக்குத் தோன்றவில்லை. அழித்தாகிவிட்டது, இது மிச்சத்துக்கான பெயர் என்று நானாக முடிவு செய்து, 'பொறுப்பு ஒப்படைப்பு' என்று பெயரிட்டேன்.

அதைக் கார்த்திக்குக்கு மட்டும் அனுப்பியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. நம் ஒழுங்கை நாலு பேர் பார்க்கட்டுமே என்ற அற்ப ஆசையில், அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். கூடவே ஒரு குறிப்பும்: 'என் பணிக்காலத்தில் எனக்குப் பேருதவியாக இருந்த இணையப் பக்கங்கள் இவை. இனி வரும் செக்ரட்டரிகளுக்கும் வழிகாட்டியாக இருக்கும்.' போட்டுவிட்டு மோட்டாரை நிறுத்த ஓடினேன்.

இரவு சாப்பிடும்போது பார்த்தால் பாராட்டு குவிந்திருந்தது. ராமநாதன் சார், 'மிகவும் பயனுள்ள தொகுப்பு' என்று எழுதியிருந்தார். கார்த்திக், 'தேங்க்ஸ் சார். கண்டிப்பா எனக்குத் தேவைப்படும்' என்று எழுதியிருந்தான். பிலோமினா டீச்சர் மட்டும் எதுவும் எழுதவில்லை. பிரிவு வருத்தம் போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பிரிவுபசார விழா. கீழே பார்க்கிங்கில் கார்களை வெளியே எடுத்துவிட்டு, பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, என் போட்டோவோடு ஒரு சின்ன ஃப்ளெக்ஸும் கட்டியிருந்தார்கள். போண்டா, கேசரி, காபி. எந்தக் கூட்டத்துக்கும் வராதவர்கள்கூட வந்திருந்தார்கள். இத்தனை பேர் என்மேல் பாசம் வைத்திருக்கிறார்களே, இவர்களிடமா பொய் சொன்னோம் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன். மாலதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அவளும் அழுகிறாள் என்றே நினைத்தேன்.

ராமநாதன் சார் மைக்கைப் பிடித்தார். "நம்ம செக்ரட்டரி முதுகுவலியோட உழைச்சவர். அந்த முதுகுவலியை எந்த டாக்டராலயும் கண்டுபிடிக்க முடியல. ஏன் சார், கண்டுபிடிக்க முடியுமா, முடியாதா?"

எல்லாரும் கை தட்டினார்கள். நானும் அடக்கமாகச் சிரித்துவைத்தேன்.

காபி கொண்டுவந்த ஏழுமலை என் காதோரம் குனிந்தார். "இன்னா சார், ஊரு சூப்பரா புட்சிகினீங்களே. மெட்ராஸ்லேர்ந்து ரொம்பத் தூரமும் இல்ல, டெய்லி வந்து போவவும் முடியாது."

எங்கேயோ கேட்ட வாக்கியமாக இருக்கிறதே என்று தோன்றியது. கேட்டதல்ல, நான் டைப் அடித்தது. 'சென்னையிலிருந்து ரொம்பத் தூரம் இல்லாத, ஆனால் தினமும் வந்து போக முடியாத ஊர் எது?' போண்டா பாதி வழியில் நின்றது.

அடுத்து மைக் பிலோமினா டீச்சரிடம் போனது. இருபத்தைந்து வருஷம் கணக்கு சொல்லிக்கொடுத்தவர். வகுப்பில் கடைசி பெஞ்சைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தார்.

"தம்பி, எனக்கு ஒரே ஒரு சந்தேகம். டிரான்ஸ்ஃபர் கேன்சல் ஆச்சுன்னு சொல்ல எத்தனை நாள் விட்டா நம்புவாங்க?"

பார்க்கிங் மொத்தமும் வெடித்துச் சிரித்தது. கார்த்திக் தன் போனைத் தூக்கிக் காட்டினான். என்னுடைய வழிகாட்டிக் கோப்பு. தண்ணீர் லாரி இல்லை, லிஃப்ட் இல்லை, கரண்ட் பில் இல்லை. நான் பொறுக்கி எடுத்த வில்லங்கம் மட்டும், தேதி நேரத்தோடு, வரிசையாக. 'மாற்றல் உத்தரவு மாதிரிப் படிவம்'. 'கோயம்புத்தூர் ஏரியா பெயர்கள்'. 'மூன்றாவது மாடிப் பையனைச் செக்ரட்டரி ஆக்கினால் பாவமா?'

பூமி பிளந்து என்னை விழுங்கியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். பார்க்கிங்கில் போட்டிருந்தது கான்கிரீட், பிளக்கவில்லை. எழுந்து நின்றேன்.

"டீச்சர், மன்னிச்சுக்கோங்க. உங்க தங்கச்சியை வேற அலைய விட்டுட்டேன்."

"அவ கிடக்கா, நடந்தா உடம்புக்கு நல்லதுதான். வேண்டாம்னா வேண்டாம்னு வாயத் திறந்து சொல்ல வேண்டியதுதானே தம்பி? அதுக்கு எதுக்குக் கோயம்புத்தூர் வரைக்கும் போகணும்?"

"சொன்னா விட்டிருப்பீங்களா?"

டீச்சர் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார். பிறகு நேர்மையாகச் சொன்னார், "விட்டிருக்க மாட்டோம்."

பிரிவுக்காக வாங்கிய பொன்னாடையை ராமநாதன் சார் வரவேற்புக்காகப் போர்த்தினார். நான் மறுபடி ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டேன். வாழ்க்கையிலேயே முதல் முறையாக, கூட்டத்தில் இருந்தபோதே. கார்த்திக் கை தட்டியதில் அவன் மனைவியின் கையிலிருந்த காபி கொட்டிவிட்டது. இரக்கப்பட்டு ஒரு சலுகை கொடுத்தார்கள்: ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் செக்ரட்டரிக்குப் போன் பண்ணக் கூடாது. அது அந்த வாரம் முழுக்க அமலில் இருந்தது.

அதிலிருந்து எங்கள் வீட்டில் 'கோயம்புத்தூர்' என்பது ஓர் ஊரின் பெயரே இல்லை. பாத்திரம் தேய்க்கச் சொன்னால் என் பெண், "அம்மா, எனக்குக் கோயம்புத்தூர் ஆர்டர் வந்திருக்கு" என்பாள். தலைவலி என்று நான் படுத்தால் மாலதி, "நிஜத் தலைவலியா, சுந்தராபுரம் தலைவலியா?" என்று கேட்டுவிட்டுத்தான் தைலத்தைத் தேடுவாள்.

இவ்வளவு நடந்த பிறகாவது ஆபீஸ் சும்மா இருந்திருக்கலாம். போன வருஷம் எனக்கு நிஜமாகவே மாற்றல் வந்தது. கோயம்புத்தூருக்குத்தான். மாலதி வெண்டைக்காய் நறுக்குவதை நிறுத்தாமலே சிரித்தாள். அசோசியேஷனில் ஆர்டரைக் காட்டினேன். ராமநாதன் சார் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் படித்துவிட்டு, "ஃபார்மட் நல்லா இருக்கு. எந்த சைட்ல எடுத்தீங்க?" என்றார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான் கேட்டைத் தாண்டியபோதும் குரூப்பில் சிரிக்கிற பொம்மைகள்தான் வந்துகொண்டிருந்தன. சுந்தராபுரத்தில் அதே போர்ஷன், அதே சின்னச் சமையலறை. டீச்சரின் தங்கை சாவியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தார்.

"இந்தத் தடவ நெசமாலுமே வந்துட்டீங்களாங்க?"

மறுநாள் காலை, பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. ஏழுமலை.

"சார், தண்ணி வரல. கீய வாங்க."

"ஏழுமலை, நான் கோயம்புத்தூர்ல இருக்கேன்."

அந்தப் பக்கத்திலிருந்து ரொம்பப் பொறுமையாகப் பதில் வந்தது.

"தெரியும் சார். சட்டைய மாட்டிகினு வாங்க."