தாம்பூலப் பையில் ஒரு கொலை

படிக்காத புத்தகத்தைப் படித்ததுபோல் பேசுவது எனக்குக் கைவந்த கலை. அட்டையைப் பார்ப்பேன், பின்பக்கத்தில் இரண்டு வரி படிப்பேன், நடுவில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து தலையாட்டிக்கொள்வேன். அது போதும், அந்தப் புத்தகத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசிவிடுவேன். (எதிரில் இருப்பவர் அதைப் படித்திருக்கக் கூடாது. அது ஒன்றுதான் நிபந்தனை.)

இந்தக் கெட்ட பழக்கத்துக்கு எங்கள் வீடும் ஒரு காரணம். ஜீவனஹள்ளியில் எங்கள் குடும்பத்திலேயே பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்து, கல்லூரிக்கும் போன முதல் ஆள் நான். அப்பா டெம்போ ஓட்டுகிறார். அம்மா அடுக்குமாடி வீடுகளில் வேலை செய்கிறார். அக்கா மலர் மூன்றாம் வகுப்போடு நின்று, கற்ற எழுத்தும் மறந்துபோய், பிறகு கார்மெண்ட்ஸ் வேலைக்குப் போனவள். கரண்ட் பில், மாத்திரை அட்டை, எதிர்வீட்டுக்காரருக்கு வந்த கோர்ட் கடிதம், எல்லாம் என் கைக்குத்தான் வரும். "பாப்பா படிச்சிருக்கு, அது சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்பார் அப்பா. இப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவளுக்குத் தலைக்கனம் வராமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

அக்காவுக்கு நிச்சயதார்த்தம் வந்தது. அதற்கு முன் இரண்டு சம்பந்தங்கள் பேச்சு முடிந்து, தேதி குறிக்கும் நேரத்தில் நின்றுபோயிருந்தன. இது மூன்றாவது. மாப்பிள்ளை குமார், லிங்கராஜபுரம், ஏசி மெக்கானிக். அக்காவுக்கு அவரைப் பிடித்திருந்தது. (அதை அவள் வாயால் சொல்லவில்லை. டிபன் பாக்ஸ் கழுவும்போது பாட ஆரம்பித்திருந்தாள்.) ஒரே ஒரு முள்தான். தரகர், பெண் பத்தாவது பாஸ் என்று அவர்களிடம் சொல்லிவைத்திருந்தார். நாங்கள் அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. இல்லையென்று மறுக்கவும் இல்லை.

தாம்பூலப் பையில் தேங்காயோடு எவர்சில்வர் கிண்ணம் வைக்கலாம் என்றார் அம்மா. நான் எழுந்து நின்றேன்.

"கிண்ணமா? எல்லா வீட்லயும் கிண்ணம் அடுக்கடுக்கா கெடக்குதும்மா. புத்தகம் குடுக்கலாம். படிச்ச பொண்ணு இருக்கிற வீடுன்னு தெரிய வேணாமா?"

"புத்தகத்துல கொழம்பு ஊத்த முடியுமாடி?" என்றார் அம்மா.

"அறிவை ஊத்தலாம்" என்றேன். (இப்படி நான் நிஜமாகவே பேசினேன். அம்மா என்னை அப்போதே ஒரு அறை அறைந்திருக்கலாம்.)

"பாப்பா சொல்லிட்டா, விடு" என்றார் அப்பா.

சிவாஜிநகரில் ஒரு சந்துக்குள் தமிழ்ப் புத்தகங்களை மொத்தமாக விற்கும் கடை ஒன்று இருந்தது. நூற்றிருபது புத்தகம் வேண்டும், எடுத்தால் கீழே வைக்கத் தோன்றக் கூடாது என்றேன்.

"அப்டின்னா மூணு ரகம்தான் மேடம்" என்றார் கடைக்காரர். "நெசமா நடந்த கொலை, சண்டைக் காலத்து நாவல், பெரிய மனுசங்க வாழ்க்கை. இது மூணும் உக்காந்த எடத்துல முடிச்சிருவாங்க. ஒவ்வொண்ணுலயும் நாப்பது காப்பி எடுத்துக்கங்க. ஆனா ஸ்வல்ப பாத்து எடுங்க. விசேஷத்துக்குன்னு சொல்றீங்க. இதெல்லாம் படிச்சிருக்கீங்களா?"

"எல்லாம் படிச்சதுதான்" என்றேன்.

அவர் நம்பிவிட்டார். நல்ல மனிதர்.

குற்றக் கதையில் 'ஆறாவது டம்ளர்' என்று ஒன்றை எடுத்தேன். அட்டையில் ஆவி பறக்கும் டம்ளர். பின்பக்கத்தில், "ஒரு குடும்பம். ஒரு விருந்து. ஒரு மருமகள்" என்று இருந்தது. அடடா, நமக்கென்றே எழுதியதுபோல் இருக்கிறதே என்று பூரித்துப்போய் அங்கேயே நிறுத்திக்கொண்டேன். அதற்குக் கீழே இன்னும் ஏழு வரிகள் இருந்தன. போர் நாவலின் அட்டையில் ஒரு சிப்பாயும் மாலை போட்ட ஒரு பெண்ணும் நின்றார்கள். காதல் கதை, பிரமாதம். வாழ்க்கை வரலாறு யாரோ ஒரு மகானுடையது. "மணமேடையில் தொடங்கிய மகத்தான பயணம்" என்று போட்டிருந்தார்கள். இதைவிட மங்களகரமாக ஒரு வாசகம் கிடைக்குமா?

பைகளையும் நானே பிரித்தேன். மாப்பிள்ளை வீட்டுப் பெண்களுக்குக் குற்றக் கதை. பெரியவர்களுக்குப் போர் நாவல், ஏனென்றால் மாப்பிள்ளையின் பெரியப்பா பட்டாளத்தில் இருந்தவர். மாப்பிள்ளைக்கும் அவருடைய நண்பர்களுக்கும் மகான்.

நிச்சயதார்த்தம் ஞாயிறு காலை. பத்து மணிக்குத் தட்டு மாற்ற வேண்டும். மாப்பிள்ளையின் தாய்மாமன் இல்லாமல் மாற்ற முடியாது. அவர் ஓசூரிலிருந்து கிளம்பி எலக்ட்ரானிக் சிட்டி டிராஃபிக்கிலேயே மாட்டிக்கொண்டார். பத்தரை ஆயிற்று, பதினொன்று ஆயிற்று. கூட்டம் நெளிய ஆரம்பித்தது. கிளம்பும்போது கொடுக்க வேண்டிய பைகள் மூலையில் அடுக்கியிருந்தன. எனக்கு அந்த யோசனை தோன்றியது.

மைக்கைப் பிடித்தேன். "அனைவருக்கும் வணக்கம். காத்திருக்கும் நேரத்தைப் பயனுள்ளதாக்க, மணமகளின் தங்கையாகிய நான் தேர்ந்தெடுத்த சிறந்த நூல்களை இப்போதே வழங்குகிறோம்" என்றேன், செய்தி வாசிப்பவள்போல.

பைகள் போயின. அப்புறம்தான் ஒரு விஷயம் புரிந்தது. எங்கள் ஆட்கள் பேசுவது தமிழ், பள்ளியில் படித்தது கன்னடமோ இங்கிலீஷோ. முக்கால்வாசிப் பேருக்குத் தமிழ் எழுத்தே தெரியாது. நான் தமிழ்ப் பள்ளியில் படித்ததால் ஊரே படிக்கும் என்று நினைத்துவிட்டேன். ஆனால் ஆச்சரியம், யாரும் புத்தகத்தைப் பைக்குள் திருப்பி வைக்கவில்லை. படிக்கத் தெரிந்தவர் ஒருவர், அவரைச் சுற்றிப் பத்துப் பேர் என்று மண்டபம் முழுவதும் வட்டம் வட்டமாக நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். சத்தமாக வாசிப்பு ஆரம்பமாயிற்று. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. படம் எடுத்து, "எங்கள் வீட்டு விசேஷத்தில் வாசிப்பு இயக்கம்" என்று ஸ்டேட்டஸ் வைத்தேன்.

பெண்கள் வட்டத்தில் படித்தது மாப்பிள்ளையின் சித்தி. வாணியம்பாடியிலிருந்து வந்தவர், நல்ல கணீர்க் குரல். அவர் பக்கத்தில் மாப்பிள்ளையின் அம்மா சரோஜா அத்தை வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார். என்ன ஒரு ஈடுபாடு என்று நினைத்துக்கொண்டு நேராக உள்ளே போனேன்.

"அக்கா, பாதாம் பாலை நீயே எடுத்துட்டுப் போய் அத்தைக்குக் குடு. நல்ல பேரு கெடைக்கும்."

"நானேவா? வெக்கமா இருக்குதுடி."

"போக்கா, நான் சொல்றேன்ல?"

அக்கா ஆறு டம்ளரைத் தட்டில் அடுக்கினாள். (ஆறு! நான்தான் எண்ணி எடுத்துக் கொடுத்தேன்.) பட்டுப்புடவையில் மெதுவாக நடந்துபோய், சிரித்த முகத்தோடு தட்டை நீட்டினாள். பின்னாலேயே போன எனக்கு அப்போதுதான் சித்தியின் குரல் தெளிவாகக் கேட்டது.

"மருமகள் சிரித்தபடியே தட்டை நீட்டினாள். டம்ளரில் இருந்த பாலில் அவள் எதைக் கலந்தாள் என்பது யாருக்கும் தெரியாது. முதலில் கை நீட்டியவர் மாமியார்."

சித்தி நிமிர்ந்தார். அக்காவைப் பார்த்தார். டம்ளரைப் பார்த்தார். பாதி நீட்டிய சரோஜா அத்தையின் கை அந்தரத்தில் அப்படியே நின்றது.

எனக்கு உச்சந்தலையிலிருந்து ஏதோ ஒன்று வழிந்து காலுக்குப் போனது. இரத்தம் என்றுதான் நினைக்கிறேன்.

அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. "எடுத்துக்கங்க அத்தை" என்றாள். யாரும் எடுக்கவில்லை. "சர்க்கரை ஜாஸ்தி இல்ல அத்தை, கம்மியாத்தான் போட்டிருக்குது" என்றாள். பின்வரிசையில் ஒரு பெண் தன் குழந்தையை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையின் பெரியப்பா எழுந்தார். கையில் போர் நாவல்.

"இன்னாய்யா இது?" என்றார் அப்பாவைப் பார்த்து. "இதுல மாப்பிள்ள கல்யாணமாகி மூணாம் நாளு சண்டைக்குப் போறான், பத்தாம் பக்கத்துல செத்துப்போறான். டேய் குமாரு, உன்னுது இன்னாடா?"

மாப்பிள்ளை மேடையோரம் உட்கார்ந்து புத்தகத்தில் மூழ்கியிருந்தார். தலையை நிமிர்த்தாமலே, "சூப்பரா இருக்குது பெரியப்பா. தாலி கட்டுற நேரத்துல மாலையைக் கழட்டிப் போட்டுட்டு காட்டுக்கு ஓடிட்டாரு. இப்பதான் ஆத்தைத் தாண்டுறாரு" என்றார்.

மகத்தான பயணம்!

"கேட்டியா?" பெரியப்பாவின் குரல் மண்டபத்தில் முட்டித் திரும்பியது. "ஒரு பையில விஷம், ஒரு பையில சாவு, ஒரு பையில சந்நியாசம். நிச்சயதார்த்தத்துக்குக் கூப்டீங்களா, எங்களுக்கு சாபம் குடுக்கக் கூப்டீங்களா? சகுனம் சரியில்ல. பேடா, வேணாம். இன்னிக்குத் தட்டு மாத்த வேணாம். எழுந்துருங்க எல்லாரும்."

நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. அப்பா கைகூப்பிக்கொண்டு அவர் பின்னால் ஓடினார். யார் முன்னாலும் அப்பா அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. அக்கா இன்னமும் அந்தத் தட்டைப் பிடித்தபடி நின்றாள். டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் போட்டன. கார்மெண்ட்ஸில் நாள் முழுவதும் கோணாமல் தையல் போடும் கை அது. என் கல்லூரிப் படிப்பு அந்தக் கையில்தான் நடந்தது.

மைக்கை எடுத்தேன். அது முதலில் கீச்சென்று கத்தியது. பிறகு நான் கத்தினேன்.

"நில்லுங்க! அந்தப் புத்தகம் மூணையும் நான் படிக்கல! அட்டையைப் பாத்து வாங்கிட்டேன். கடைக்காரர் கேட்டப்பகூட படிச்சேன்னு பொய் சொன்னேன். அப்பா, உங்ககிட்டயும் பொய்தான். அக்காவுக்கும் இதுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்ல. அவளுக்குப் படிக்கவே தெரியாது!"

கடைசி வாக்கியம் ஸ்பீக்கரில் ஒரு சுற்று சுற்றி என் காதுக்கே திரும்பி வந்தபோதுதான் நான் செய்தது எனக்குத் தெரிந்தது. அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். தரகர் ஒரு தூணுக்குப் பின்னால் போனார். (அந்தத் தூண் அவரைவிட ஒல்லி.) அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். ஒரு சொட்டுக் கண்ணீர் தட்டில் விழுந்ததை நான் பார்த்தேன். நல்ல வேளை, பாலில் விழவில்லை.

"பத்தாவதுன்னு சொன்னாங்களே?" என்றார் பெரியப்பா.

சரோஜா அத்தைதான் பதில் சொன்னார்.

"எனக்குந்தான் படிக்கத் தெரியாது. அதுக்கு இன்னா இப்ப?" என்றபடி எழுந்தார். "மூணு புள்ளைங்கள வளக்கல நானு? படிச்சவ பண்ண கூத்தைத்தான் இப்பப் பாத்தோமே." என் பக்கம் கையை நீட்டிக் காட்டினார். நூற்றிருபது தலைகள் என் பக்கம் திரும்பின.

அக்காவிடம் வந்து ஒரு டம்ளரை எடுத்தார். "அண்ணி, வேணாம்" என்று யாரோ இழுத்தார்கள். ஒரே மூச்சில் குடித்தார். மண்டபமே அவர் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஏலக்கா கொஞ்சம் தூக்கலா இருக்குது" என்றார் வாயைத் துடைத்துக்கொண்டு. "மத்தபடி உசுரோடதான் இருக்கேன். மலரு, இப்டி வந்து என் பக்கத்துல உக்காரும்மா. பெரியத்தான், நீங்களும் உக்காருங்க. நல்ல எடத்துல கதை நின்னுபோச்சு." சித்தியைப் பார்த்து, "நீ படிடி. கை நீட்டுனாளே மாமியா, அவ குடிச்சாளா இல்லியா?" என்றார்.

முதலில் சிரித்தது மாப்பிள்ளை. அப்புறம் மண்டபம். பெரியப்பாகூட உட்கார்ந்தார், ஆனால் அந்த நாவலில் வரும் துப்பாக்கி அந்தக் காலத்தில் கிடையவே கிடையாது என்று என்னிடம் சண்டை போட்ட பிறகுதான். தாய்மாமன் பன்னிரண்டே காலுக்கு வந்தார். இரண்டாம் அத்தியாயம் முடியட்டும் என்று அவரைப் பத்து நிமிடம் வாசலிலேயே நிற்க வைத்தார்கள். அப்புறம் தட்டு மாற்றினார்கள்.

கல்யாணமும் முடிந்தது. சித்தி வாணியம்பாடிக்குப் போய்விட்டதால், செய்த கூத்துக்குத் தண்டனையாக மீதிக் கதையைப் படித்துச் சொல்ல வேண்டும் என்று எனக்கு உத்தரவு வந்தது. ஞாயிறுதோறும் லிங்கராஜபுரம் போய் ஒரு அத்தியாயம் வாசித்தேன். சரோஜா அத்தை, அக்கா, குமார் மாமா, பக்கத்து வீட்டுப் பெண்கள் என்று நல்ல கூட்டம். நான்காவது ஞாயிறு கடைசி அத்தியாயம். யார் விஷம் கலந்தார் என்று போலீஸ் கண்டுபிடிக்கிற இடம். முன்கூட்டியே ஒரு முறை படித்துப் பார்த்துக்கொண்டு போயிருக்கலாம். பட்டும் எனக்குப் புத்தி வரவில்லை. அங்கேயே முதல் தடவையாகத் திறந்து, கணீரென்று வாசித்தேன்.

"மருமகள் நிரபராதி. அவளுக்குத் தெரியாமல் பாலில் விஷத்தைக் கலந்து, ஆறு டம்ளரையும் எண்ணி எடுத்துக் கொடுத்தவள், அந்தக் குடும்பத்திலேயே அதிகம் படித்தவளான அவளுடைய தங்கை."

நான் நிறுத்தினேன். அக்கா மெதுவாக என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அடிப்பாவி" என்றார் சரோஜா அத்தை.

இரண்டு வருடம் ஆகிறது. அக்கா போடும் காபிக்கு அந்த வீட்டில் அடிதடி. நான் போட்டால் குமார் மாமா டம்ளரை வாங்கி, மரியாதையாக என்னிடமே திருப்பி நீட்டுவார். நான் ஒரு வாய் குடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். சரோஜா அத்தை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து ஐந்து நிமிடம் கணக்கு வைப்பார். அதற்குள் காபி ஆறிவிடும். "பரவால்ல, இவளுக்கு ஒண்ணும் ஆகல" என்று அவர் தீர்ப்பு சொன்ன பிறகு, அந்த ஆறிய காபியைக் குடிக்க யாரும் வருவதில்லை. ஒவ்வொரு தடவையும் அதை நானேதான் குடித்து முடிக்கிறேன்.