செஞ்சு காட்டினால்தான் பாஸ்

என் மனைவிக்கு நானே இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பது என்று முடிவெடுத்தேன். பல் ஆஸ்பத்திரியில் ரிசப்ஷன் வேலை. திங்கட்கிழமை இன்டர்வியூ. அந்த வேலை கிடைத்தே ஆகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். வாத்தியார் வைத்துப் படிக்கிறேன் என்றாள். குத்துக்கல் மாதிரி நான் ஒருத்தன் இருக்கும்போது வாத்தியார் எதற்கு?

"முதல் பாடம் 'கேன்'. முடியும்னு சொல்லவும் அதான், அனுமதி கேக்கவும் அதான். கேட்டா 'யெஸ், ஐ கேன்'னு கம்பீரமா சொல்லணும். உடனே செஞ்சு காட்டணும். அப்பத்தான் மனசுல ஒட்டும். இது என் மெத்தட்."

"அப்ப நான் கேக்கறேன், நீங்க சொல்லுங்க. பாத்துக் கத்துக்கறேன்."

அடடா, என்ன பணிவு! பூரித்துப் போனேன்.

"கேன் யூ வாஷ் திஸ் வெஸல்?"

"யெஸ், ஐ கேன்!"

"எங்க, காட்டுங்க."

அடிப்பிடித்த பால் பாத்திரம். தேய்த்துக் காட்டினேன். அடுத்தது வெங்காயம். அதற்கடுத்தது ஃபேன். ஸ்டூல் மேல் நின்று, தலையெல்லாம் ஒட்டடையோடு, "யெஸ், ஐ கேன்" என்று இருமினேன். கீழே அவள் செல்போனும் கையுமாக நின்றாள். பாடத்தைப் பதிவு செய்கிறாளாம். என்ன அக்கறை!

எதிர்வீட்டு டைலர் ஜன்னல் வழியாக எட்டிப்பார்த்தார். "முடியாதுன்னு சொல்லிடலாமே சார்?"

"வாத்தியார் எப்படிங்க முடியாதுன்னு சொல்றது? மானம் போயிடாதா?"

சாயங்காலம் கேரம் ஆட டைலர் கூப்பிட்டார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு அவளிடம் போனேன்.

"கேன் ஐ கோ அவுட்?"

"ஓ, அனுமதி இப்படித்தான் கேக்கணுமா? இன்னொரு தடவை சொல்லுங்க."

சொன்னேன்.

"இன்னும் கொஞ்சம் பணிவா."

சொன்னேன்.

"நோ, யூ கேனாட்."

என்ன உச்சரிப்பு! என்ன தெளிவு! என் கண்ணே பட்டுவிடும்போல் இருந்தது. துணி மடிக்கப் போனேன்.

திங்கட்கிழமை வேலையோடு திரும்பி வந்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

"சபாஷ்! என்ன கேட்டாங்க?"

"ஞாயித்துக்கிழமையும் வர முடியுமான்னாங்க. 'யெஸ், ஐ கேன்'னேன். அப்ப வீட்டை யாரு பாத்துப்பாங்கன்னு டாக்டரம்மா கேட்டாங்க. 'மை ஹஸ்பண்ட் கேன்'னேன்."

"நம்பினாங்களா?"

"எங்க நம்பினாங்க? செல்போன்ல உங்க பாடத்தைக் காட்டினேன். அசந்துட்டாங்க."

"என் மெத்தட் அப்படி!"

"ஆமாங்க. நாளையிலேருந்து அவங்க வீட்டுக்காரரையும் உங்ககிட்டயே படிக்க அனுப்பறாங்களாம்."